8 பின் மைக்கை வேற கம்பெனி செட்டுல அப்படியே சொருகலாமா?

13-08-2022, இரவு

ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா வயர்லெஸ்ல பேசறது) சமாச்சாரம் இது. ஐகாமும் கென்வுட்டும் செட்டு செய்யற கம்பெனிங்க, எச்எஃப்னா தூரமா பேசற சிற்றலை. கேள்வி இதுதான், தம்பி எழுதுனதை அப்படியே போடுறேன்: "அண்ணே, பழைய ஐகாம் எச்எஃப் செட்டு ஒண்ணு கைமாத்தி வாங்கிட்டேன், மைக் வரல. வீட்ல கென்வுட் கை மைக் ஒண்ணு சும்மா கெடக்கு. ரெண்டுமே 8 பின் ரவுண்டு, சொருகுனா நல்லா உக்காருது, திருகும் ஏறுது. அப்படியே போட்டு பேசலாம்ல? இல்ல ஒயர் கலர் பாத்து மாத்தணுமா?"

தம்பி, செட்டை ஆன் பண்ணிட்டியா? பண்ணலன்னா மொதல்ல மைக்கை கழட்டி வை. சொருக முடியுதுங்கறது சாக்கெட்டு செஞ்சவனோட சமாச்சாரம், உள்ள என்ன போகுதுன்னு அதை வச்சு சொல்ல முடியாது. ஐகாம்ல 2-ஆம் பின் 8 வோல்ட் வெளிய வர்ற பின். கென்வுட் மைக்ல 2-ஆம் பின் பிடிடி, அதாவது பேசறதுக்கு அமுக்கற பட்டனோட லைன், அமுக்குனா 8-ஆம் பின்னோட, அதாவது அதோட கிரவுண்டோட (பூஜ்ய வோல்ட் கம்பி), சேரும். ஐகாம்ல அந்த 8-ஆம் பின் ஸ்பீக்கர் சத்தம் வெளிய வர்ற லைன். அப்ப நீ பேசறதுக்கு பட்டனை அமுக்குன உடனே 8 வோல்ட்டை கொண்டுபோய் ஆடியோ லைன்ல விடுற. டிரான்ஸ்மிட்டும் ஆகாது, ஏன்னா ஐகாமுக்கு பிடிடி 5-ஆம் பின், அதை அந்த மைக் தொடவே தொடாது.

ஒரு பின்னு கூட ஒத்துப்போகாது. ஒயர் கலரையும் நம்பாத. இதே கென்வுட் மைக்ல முன்னாடி யாராச்சும் சுருள் ஒயரை மாத்தியிருந்தா கலர் எல்லாம் அவர் கைக்கு கெடச்ச கலர்தான்.

14-08-2022, காலை

நேத்து தூக்கக் கலக்கத்துல எழுதுனது, திருத்தணும். "ஒரு பின்னு கூட ஒத்துப்போகாது"ன்னு போட்டேன், தப்பு. 1-ஆம் பின் ரெண்டுலயும் மைக், 7-ஆம் பின் ரெண்டுலயும் மைக் கிரவுண்டு. இது ரெண்டும் ஒத்துப்போகுது. மத்ததுதான் இல்ல. பாதி ஒத்துப்போறதால ஆபத்து கூடத்தான், ஏன்னா ஒருத்தர் ரெண்டு பின்னை மீட்டர்ல பாத்துட்டு "சரியாத்தான இருக்கு"ன்னு விட்டுருவாரு.

யேசு செட்டு (ஜப்பான் கம்பெனிங்க, சாமி பேரு இல்ல) வச்சிருக்கறவங்களுக்கும் சேத்து சொல்றேன், அதுல ரவுண்டு 8 பின்னுன்னா மைக் நடுவுல இருக்கற 8, மைக் கிரவுண்டு 7, பிடிடி 6, அதோட கிரவுண்டு 5. மூணு கம்பெனி, மூணு வழக்கம், சாக்கெட்டு மட்டும் ஒண்ணு.

14-08-2022, மதியம்

சரி, எந்த பின் எதுக்குன்னு செட்டையே எப்படி கேட்டு தெரிஞ்சுக்கறது. புக்கு இருந்தா புக்கு பாருங்க, ஆனா கைமாத்தி வாங்குன செட்டுல முன்னாடி இருந்தவர் என்ன மாத்தி வச்சாருன்னு புக்குல இருக்காது, அதனால புக்கு இருந்தாலும் நான் இதை செஞ்சு பாத்துட்டுத்தான் ஈயம் வைப்பேன்.

சாமான்: ஒரு மல்டிமீட்டர், ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கால் வாட், ஒரு 8 பின் பிளக்கு, 8 துண்டு ஒயர், வீட்டு ஒயரிங்ல போடுற திருகு கனெக்டர் ஸ்ட்ரிப் ஒரு துண்டு. பிளக்குல 8 ஒயரையும் வச்சு ஸ்ட்ரிப்புக்கு கொண்டுவந்து பேனாவுல 1 முதல் 8 நம்பர் போட்டுருங்க. சாக்கெட்டு உள்ள நேரா மீட்டர் முனையை விடாதீங்க, பின்னுக்கும் பின்னுக்கும் நடுவுல ஒரு நூல் எடம்தான், வழுக்குனா 8 வோல்ட் பக்கத்துப் பின்னுல போய் விழும்.

ஆன்டெனாவை கழட்டிட்டு டம்மி லோட் (ஆன்டெனாவுக்கு பதிலா பவரை வாங்கிக்கற ரெசிஸ்டர்) மாட்டுங்க. பவரை அடிமட்டத்துக்கு. மோடு எஸ்எஸ்பில (கேரியர்ங்கற அடிப்படை அலை இல்லாம பேச்சை மட்டும் அனுப்பற முறை) வைங்க, ஏன்னா எஸ்எஸ்பில பேச்சு இல்லாம பிடிடி மட்டும் விழுந்தா கேரியர் வெளிய போகாது, லைட்டு மட்டும் எரியும். எஃப்எம்லயோ ஏஎம்லயோ வச்சா பிடிடி பட்ட அந்த நிமிஷமே பவர் போகும். மைக் கெயின் பூஜ்யம்.

மொதல்ல செட்டை ஆஃப்ல வச்சு ஓம்ஸ்: ஆன்டெனா சாக்கெட்டோட வெளி உலோகத்துல ஒரு முனை, இன்னொண்ணை வரிசையா 8 பின்னுக்கும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுறது கிரவுண்டு. ஐகாம்னா 6, 7 ரெண்டும் காட்டும். அடுத்து செட்டை ஆன் பண்ணி, டிசி வோல்ட்ல, கிரவுண்டுக்கும் மத்த ஒவ்வொரு பின்னுக்கும் எவ்வளவுன்னு பேப்பர்ல எழுதுங்க.

எல்லாரும் இதோட நிறுத்திடறாங்க. எழுதுன பேப்பர்ல ரெண்டு மூணு பின்னுல நல்லா வோல்ட்டேஜ் இருக்கும், எது சப்ளை, எது பிடிடி, எது மைக்குன்னு வோல்ட்டேஜ் மட்டும் வச்சு தெரியாது. அங்கதான் அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சுருக்கமா 1கே. பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 1கேயை வச்சுட்டு மறுபடி வோல்ட்டேஜ் பாருங்க. 8 வோல்ட் 7.9-ல நின்னா அது சப்ளை, உள்ள தெம்பு இருக்கு. 8 வோல்ட் சடார்னு 1-க்கு கீழ விழுந்து கூடவே டிரான்ஸ்மிட் லைட்டு எரிஞ்சா அது பிடிடி. விழுந்து ஃப்ரீக்வன்சி நகந்தா அப் டவுன் லைன் (மைக்ல இருந்தே ஃப்ரீக்வன்சியை ஏத்தி எறக்கற பட்டனோடது). விழுந்தும் ஒண்ணும் நடக்கலன்னா அனேகமா மைக் லைன்ல வர்ற பயாஸ், அதாவது மைக் வேலை செய்ய செட்டு கொடுக்கற சின்ன வோல்ட்டேஜ்.

விழுந்த அளவை வச்சு உள்ள இருக்கற ரெசிஸ்டரையே கணக்கு போட்டுடலாம். சும்மா இருக்கும்போது 8, 1கே வச்சா 1 வோல்ட்னா, 1கே வழியா 1 மில்லி ஆம்பியர் ஓடுது, மிச்சம் 7 வோல்ட்டு உள்ள எங்கயோ விழுது, அப்ப உள்ள 7 கிலோ ஓம். பத்தாங்கிளாஸ் ஓம் விதிதான், எனக்கு இன்னிக்கும் இது ஒவ்வொரு தடவையும் சந்தோஷமா இருக்கும், மூடியை கழட்டாமலே உள்ள எட்டிப்பாத்த மாதிரி.

ஏன் 1கே, நேரா ஒயரே வச்சு தொட்டா என்னன்னு கேப்பீங்க. ஐகாம் அந்த 8 வோல்ட் பின்னுக்கு கொடுக்கற உச்ச அளவு 10 மில்லி ஆம்பியர். 1கே வச்சா 8 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும், தப்பான பின்னுல வச்சாலும் செட்டு பொழைச்சுக்கும். ஒயர் வச்சு தொட்டா என்ன ஆகும்னு எனக்கு தெரியும், அதை நாளைக்கு எழுதுறேன்.

15-08-2022

லீவு நாள், எழுதிடறேன்.

பதினஞ்சு வருஷம் இருக்கும், ஒரு பெரியவர் அவரோட செட்டுக்கு மைக் ஒயர் போட்டு தரச்சொல்லி என்கிட்ட கொடுத்தாரு. புக்கு இருந்துச்சு, படம் இருந்துச்சு, நம்பர் பாத்து பாத்து அழகா வச்சேன். மாட்டி அமுக்குனா செட்டோட டிஸ்பிளே ஒரு தடவை மங்குச்சு, கருகுன வாசனை வந்துச்சு. புக்குல இருந்த படம் செட்டு முகப்புல இருக்கற சாக்கெட்டை வெளிய இருந்து பாக்கற படம். நான் பிளக்கோட பின்பக்கத்துல, ஈயம் வைக்கற பக்கத்துல எண்ணாம, எதிர் முகத்தை பாத்து அதே திசையில எண்ணிட்டேன், இடம் வலம் மாறிப்போச்சு. உள்ள 8 வோல்ட் லைன்ல இருந்த சின்ன ரெசிஸ்டர் கருகியிருந்துச்சு, ரெகுலேட்டர் தப்பிச்சுது. ரெசிஸ்டர் மாத்திக் கொடுத்தேன், பெரியவர் ஒண்ணும் சொல்லல, ஆனா அந்த வாசனை வந்த நேரம் அவர் முகம் போன போக்கு இன்னும் மறக்கல. அவருக்கு அந்த செட்டு அவ்வளவு பெரிய விஷயம்.

அதனால எண்ணும்போது: சாக்கெட்டை முன்னாடி இருந்து பாக்கறதும் பிளக்கோட ஈயப் பக்கத்தை பின்னாடி இருந்து பாக்கறதும் ஒரே திசை. பிளக்கோட வாயைப் பாத்தா கண்ணாடில பாக்கற மாதிரி தலைகீழ். நடுப் பின்னு மட்டும் எப்படிப் பாத்தாலும் 8. சந்தேகம் இருந்தா நேத்து சொன்ன ஸ்ட்ரிப்பை மாட்டி கிரவுண்டு எங்க வருதுன்னு ஓம்ஸ்ல பாருங்க. 6, 7-ல வரவேண்டியது 1, 2-ல வந்தா நம்பர் திரும்பிடுச்சுன்னு அர்த்தம்.

21-08-2022

செட்டு பக்கம் முடிஞ்சுதுன்னு தம்பி எழுதியிருக்கான், அளவு எல்லாம் நான் சொன்ன மாதிரியே வந்துச்சாம், 1-ஆம் பின்னுலயும் வோல்ட்டேஜ் இருக்காம். அந்த கடைசி விஷயத்தை மறக்காத தம்பி, அது பின்னாடி வேலைக்கு வரும்.

இப்ப மைக் பக்கம். மைக்கை செட்டுல மாட்டாம தனியா வச்சுக்கோ. பிடிடி கண்டுபிடிக்கறது சுலபம், பீப் மோடுல ரெண்டு ரெண்டு பின்னா தொட்டுக்கிட்டே பட்டனை அமுக்கு, அமுக்கும்போது மட்டும் எது கத்துதோ அதுதான் ஜோடி. அப் டவுன் பட்டனுக்கும் அதே.

உள்ள இருக்கற மைக் குண்டு (குரலை சிக்னலா மாத்தற உறுப்பு) என்ன வகைன்னு தெரியணும். ஓம்ஸ்ல வை. சில நூறு ஓம் காட்டி, முனையை மாத்தி வச்சாலும் அதே காட்டி, தொடும்போது குண்டுக்குள்ள டிக்குனு சத்தம் வந்தா டைனமிக், சின்ன ஸ்பீக்கர் மாதிரி காயில் இருக்கறது. ஒரு பக்கம் வச்சா ஒரு அளவு, மாத்தி வச்சா வேற அளவு, ஊதுனா அளவு ஆடுது, டிக் சத்தம் இல்லன்னா எலக்ட்ரெட், கடைல கன்டென்சர் மைக்குன்னு கேட்டா கொடுப்பாங்க. இதுக்கு வோல்ட்டேஜ் வேணும். ஒண்ணுமே காட்டலன்னா உடனே செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, பிடிடியை அமுக்கிக்கிட்டே பாருங்க, சில மைக்ல அமுக்குனாத்தான் குண்டு லைனுக்கே வரும்.

பழைய ராணுவ ஏலச் சாமான்ல வர்ற மைக்கா இருந்தா கரித்தூள் மைக்கா இருக்கலாம், பழைய கறுப்பு டெலிபோன்ல இருந்த மாதிரி. ஆட்டுனா ஓம்ஸ் அளவு தாறுமாறா குதிக்கும், காதுகிட்ட வச்சு ஆட்டுனா உள்ள மணல் மாதிரி கேக்கும். அதை இந்த செட்டுல எல்லாம் நேரா போட முடியாது.

21-08-2022, இரவு

ரெண்டு திருத்தம், தூத்துக்குடி அண்ணன் சொன்னது, ரெண்டும் சரி.

ஒண்ணு, டிக் சத்தம் டிஜிட்டல் மீட்டர்ல பல நேரம் கேக்காது, அது விடற கரன்ட் ரொம்ப கம்மி. முள்ளு மீட்டர்ல, ஒண்ணு மடங்கு ரேஞ்சுல வச்சாத்தான் தெளிவா கேக்கும். நான் எங்க அப்பாவோட பழைய முள்ளு மீட்டர்லயே பழகுனதால இது தோணல. ரெண்டு, முள்ளு மீட்டர் வச்சு எலக்ட்ரெட் பாக்கறவங்க கவனிங்க, ஓம்ஸ் ரேஞ்சுல அதோட கறுப்பு முனைதான் பிளஸ். டிஜிட்டல்ல செவப்பு பிளஸ். மீட்டரை நம்பவே வேணாம்னா குண்டை திருப்பிப் பாருங்க, ரெண்டு ஈயப் பொட்டுல எதுல இருந்து மெல்லிசா கோடு போய் வெளி டப்பாவை தொடுதோ அது மைனஸ்.

28-08-2022

தம்பியோட மைக் டைனமிக், 500 ஓம் பக்கம் காட்டுது, ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஈயம் வச்சுட்டான், பிடிடி விழுது, லைட்டு எரியுது. ஆனா பக்கத்து ஊர் நண்பர் "கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு, மைக் கெயின் ஏத்து"ங்கறாராம். கெயின் முழுசா ஏத்தியாச்சாம்.

ரெண்டு காரணம் இருக்கு. அன்னிக்கே 1-ஆம் பின்னுல வோல்ட்டேஜ் இருக்குன்னு சொன்னான் பாருங்க, ஐகாம் அதோட சொந்த எலக்ட்ரெட் மைக்குக்காக கொடுக்கற பயாஸ் அது. டைனமிக் காயில் குறுக்க போட்டா அந்த டிசி காயில் வழியா ஓடுது, தகடை ஒரு பக்கமா இழுத்து வைக்குது. இதுக்கு நடுவுல ஒரு 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போடணும், பிளஸ் கால் செட்டு பக்கம், மைனஸ் கால் மைக் பக்கம். இதை நான் 21-ஆம் தேதியே தெளிவா எழுதியிருக்கணும், "வேலைக்கு வரும்"னு சொல்லிட்டு விட்டுட்டேன், தம்பி மன்னிச்சுக்கோ. காயில் கெட்டிருக்காது, அந்த அளவு கரன்ட் இல்ல.

ரெண்டாவது காரணம், கெப்பாசிட்டர் போட்டாலும் சத்தம் முழுசா வராம போகலாம். எலக்ட்ரெட் குண்டுக்குள்ளயே ஒரு எஃப்ஈடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இருக்கு, அது தர்ற அளவுக்கு டைனமிக் தராது.

04-09-2022

கெப்பாசிட்டர் போட்டதும் குரல் தெளிஞ்சிருச்சு, ஆனா இன்னும் சன்னமாத்தான் இருக்காம். ஒரு டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலை செட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே பெருசாக்கறது) கட்டலாமான்னு கேக்கறான். ரெண்டு நாள் யோசிச்சேன். நானா இருந்தா கட்ட மாட்டேன். டைனமிக் குண்டை பத்திரமா எடுத்து வச்சுட்டு அதே கூட்டுல பத்து இருபது ரூபாய்க்கு கெடைக்கற எலக்ட்ரெட் குண்டை வச்சிருவேன், ஏன்னா செட்டு அதைத்தான் எதிர்பாக்குது, பயாஸ் ஏற்கனவே வருது, கெப்பாசிட்டரையும் எடுத்துரலாம். பிளஸ் 1-க்கு, டப்பா பக்கம் 7-க்கு.

மாட்டுனதும் 1-ஆம் பின்னுல வோல்ட்டேஜ் பாரு. குண்டு அரை மில்லி ஆம்பியருக்கு உள்ளதான் இழுக்கும், அதனால கொஞ்சம் எறங்கும். எறங்கவே இல்லன்னா ஒயர் விட்டிருக்கு. பூஜ்யம் ஆயிட்டா ஷார்ட்.

பயாஸ் வராத செட்டுல இதே குண்டை போடணும்னா, கென்வுட்ல 5-ஆம் பின்னுல 8 வோல்ட் வருது, அதுல இருந்து 4.7 கிலோ ஓம் வழியா குண்டுக்கு கொடுத்து, ஆடியோவை கெப்பாசிட்டர் வழியா 1-ஆம் பின்னுக்கு எடுக்கணும்.

05-09-2022

ஈயம் வைக்கும்போது பிளக்கை ஒரு பழைய சாக்கெட்டுல சொருகிட்டு வைங்க. பிளாஸ்டிக் இளகி பின்னு சாயாம இருக்கும். மூடியை மொதல்லயே ஒயர்ல கோத்துக்கோங்க.

11-09-2022

புது புகார்: 10 வாட்ல நல்லா இருக்கு, 50-க்கு ஏத்துனா குரல் கரகரன்னு உடையுதாம். ஆன்டெனா மொட்டை மாடில, ஃபீடர் (செட்டுல இருந்து ஆன்டெனாவுக்கு போற கேபிள்) சன்னல் வழியா மேஜைக்கு பக்கத்துலயே வருது. நம்ம சிக்னலே சுருள் ஒயர் வழியா மைக்குக்குள்ள ஏறுது.

தம்பிகிட்ட ஃபோட்டோ கேட்டேன், பாத்ததும் தெரிஞ்சுது. மைக் ஷீல்டையும் (மைக் ஒயரை சுத்தி இருக்கற கம்பி வலை) பிடிடி கிரவுண்டையும் ஒண்ணா முறுக்கி 6-ல வச்சிருக்கான், 7 காலி. ஓம்ஸ்ல ரெண்டுமே பூஜ்யம் காட்டுனதால ரெண்டும் ஒண்ணுதானன்னு நெனச்சிருக்கான். நியாயமான நெனப்பு, மீட்டர் டிசியைத்தான் பாக்கும், அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா 7 நேரா மைக் ஆம்ப்ளிஃபையர் கிட்ட போற கிரவுண்டு. மைக் ஷீல்டு 7-க்கு மட்டும், பிடிடி 6-க்கு மட்டும்னு பிரி. குண்டோட ரெண்டு கால்ல ஒட்டி 470 பைகோ ஃபாரட் செராமிக் ஒண்ணு, செட்டுகிட்ட சுருள் ஒயர்ல ஃபெரைட்டு (ஒயர் வழியா ஏறுற ரேடியோ சிக்னலை தடுக்கற காந்தக் கல்) ஒண்ணு மாட்டு.

18-09-2022

நாகப்பட்டினத்துல இருந்து ஒரு தம்பி, போட்டுல இருக்கற மரைன் விஎச்எஃப் செட்டு (கடல்ல பேசற வயர்லெஸ்) தானாவே டிரான்ஸ்மிட் ஆகுது, மைக்கை கழட்டுனா நிக்குதுன்னு எழுதியிருக்காரு. இது மேல சொன்னதுக்கு பக்கத்து விஷயம்தான், ஆனா எனக்கு இது ரொம்ப முக்கியம், அதனால நீளமா எழுதுறேன்.

உப்புத்தண்ணி பிடிடி சுவிட்சுக்குள்ள போயிருக்கும். மைக்கை கழட்டி, பட்டனை அமுக்காம ஓம்ஸ் பாருங்க. மீட்டர் ஒண்ணுமே காட்டக்கூடாது. உப்பு ஏறுன சுவிட்சுல நான் 3 கிலோ ஓம் வரைக்கும் பாத்திருக்கேன். செட்டுக்குள்ள பிடிடி லைனை 10 கிலோ ஓம் மேல இழுத்து வச்சிருக்குன்னு வைங்க, கீழ இந்த 3 கிலோ ஓம் இழுத்தா வோல்ட்டேஜ் கால் பங்குக்கு வந்துரும், செட்டு யாரோ அமுக்கிட்டாங்கன்னு நெனச்சுக்கும். மேல சொன்ன அதே 1கே கணக்குதான், இங்க உப்பு ரெசிஸ்டர் வேலை பாக்குது.

இதை நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க. அந்த செட்டு சேனல் 16-ல, 156.8 மெகாஹெர்ட்ஸ்ல நின்னா, ஆபத்துல கூப்பிடற சேனல் அது, இந்த ஒரு பட்டன் ஒட்டிக்கிட்டா சுத்தி இருக்கற அத்தனை போட்டுக்கும் அந்த சேனல் அடைஞ்சுபோகும். இவங்களுக்கும் ஒண்ணும் கேக்காது, டிரான்ஸ்மிட் ஆகும்போது ரிசீவர் ஊமை. டெஸ்ட்டும் 16-ல பண்ணாதீங்க, டம்மி லோட் போட்டு, 1 வாட்ல, வேற சேனல்ல.

நல்ல தண்ணில கழுவி, ஸ்பிரிட்ல கழுவி, காயவச்சா சிலது திரும்ப வரும், ஆனா கடலுக்கு போற செட்டுக்கு நான் சுவிட்சையே மாத்திடுவேன். சுருள் ஒயரையும் வளைச்சு இழுத்துக்கிட்டே பீப் மோடுல பாருங்க, மைக்குக்குள்ள நுழையற எடத்துலதான் முறியும். வெட்டிப்பாத்தா செம்பு பச்சையா பூத்திருந்தா அந்த ஒயர் வேணாம், ஈயம் ஒட்டாது.

நான் லைசென்ஸ் பரீட்சைக்கு படிக்க ஆரம்பிச்சதே 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம்தான். போர்ட் பிளேர்ல அப்ப பாரதி பிரசாத் அம்மாவும் அவங்க டீமும் உலக ஹாம்களோட பேசறதுக்காக செட்டு போட்டிருந்தாங்க, நிலநடுக்கமும் சுனாமியும் வந்து போன் எல்லாம் போனதும் அதே செட்டு வழியா அந்தமான்ல இருந்து சேதி கொடுத்தாங்க. அதை படிச்சதுல இருந்து மைக் ஒயரை ஒரு சின்ன விஷயமா என்னால பாக்க முடியல. பல்லாயிரம் ரூபாய் செட்டு இருந்தும் பிடிடி ஒயர் ஒண்ணு விட்டா அது வெறும் ரேடியோ பெட்டி.

02-10-2022

கையடக்க பாவ்ஃபெங் (வாக்கி டாக்கி மாதிரி செட்டு) வச்சிருக்கறவங்க கேட்டது. அதுல கென்வுட் பாணி ரெண்டு பின், 3.5 மில்லிமீட்டரும் 2.5 மில்லிமீட்டரும். 3.5-ஓட அடிப்பகுதியையும் 2.5-ஓட அடிப்பகுதியையும் சேத்தா பிடிடி விழும். மைக் 3.5-ஓட நடு வளையத்துக்கும் அதே 3.5-ஓட அடிக்கும் நடுவுல. அதனால மைக்கோட மைனஸும் பிடிடியும் ஒரே கம்பி, பெரிய செட்டு மாதிரி தனித்தனி கிரவுண்டு தேடாதீங்க.

லைசென்ஸ் இல்லாம இதை வாங்கி வச்சு பரிசோதனை பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ல நடப்புல இருந்த 1933 வயர்லெஸ் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம செட்டு கையில வச்சிருக்கறதே குற்றமா இருந்துச்சு. பரீட்சை பயப்படற மாதிரி இல்ல, ஓம் விதி தெரிஞ்சவங்களுக்கு பாதி கெணறு தாண்டுன மாதிரி. மொதல்ல எழுதுங்க.

04-10-2022

ஆயுத பூஜை. அப்பாவோட முள்ளு மீட்டருக்கும் ஈயம் வைக்கற அயனுக்கும் சந்தனம் குங்குமம் வச்சாச்சு. இன்னிக்கு எதையும் தொடக்கூடாதுன்னு வீட்ல உத்தரவு.

09-10-2022

இன்னிக்கு காலைல 40 மீட்டர் அலைவரிசை நெட்டுல (ஹாம்கள் குறிச்ச நேரத்துல கூடிப் பேசறது) தம்பியை நானே கேட்டேன். 5, 9 (தெளிவுக்கு 5, சிக்னல் பலத்துக்கு 9) கொடுத்தேன், சும்மா கொடுக்கல, ஒவ்வொரு எழுத்தும் வெட்டுன மாதிரி விழுந்துச்சு. பின்னாடி அவங்க வீட்டு குக்கர் விசில் கூட கேட்டுச்சு.

நெட்டு முடிஞ்சதும் ஒண்ணு கேட்டான். மைக்ல அப் பட்டனும் டவுன் பட்டனும் ரெண்டுமே ஃப்ரீக்வன்சியை மேலதான் ஏத்துதாம். கென்வுட் மைக்ல அப்புக்கு ஒரு பின், டவுனுக்கு ஒரு பின். ஐகாம்ல ரெண்டுக்கும் சேத்து 3-ஆம் பின் ஒண்ணுதான், நேரா கிரவுண்டுக்கு போனா அப், 470 ஓம் வழியா போனா டவுன். ரெண்டு ஒயரையும் ஒண்ணா 3-ல வச்சிருக்கான், அதான். டவுன் சுவிட்சுக்கு வரிசையா 470 போடுன்னேன், கைல இல்லயாம், ஞாயித்துக்கிழமை கடையும் இல்ல. டெஸ்ட்டுக்கு வாங்குன 1கே மிச்சம் இருக்குமே, ரெண்டை பக்கவாட்டுல சேத்தா 500 தானன்னு சொன்னேன். அரைமணி நேரத்துல திரும்ப வந்தான், டவுன் எறங்குதாம்.